பேலன்ஸ் கேட்டால் சமநிலை தராதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் ஆங்கிலப் படிவங்களைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்திருக்கிறது. 'பேலன்ஸ்' என்ற சொல் பக்கத்துக்குப் பத்து இடத்தில் வருகிறது. அகராதியோ மீதி, மிச்சம், பாக்கி, நிலுவை, இருப்பு, சமநிலை என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிவதற்குத் தமிழில் இத்தனை வேண்டியிருப்பது நம் மொழியின் குறைதானே? குழப்பம் வேண்டாம் என்று எல்லா இடத்திலும் 'சமநிலை' என்றே போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: போடாதீர்கள். ஏன் என்பதற்கு முன் என் அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எழுபது தாண்டியவர். தனியாக இருக்கிறார். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் போன் செய்தார். "ஏப்பா, நான் யாருகிட்டயும் கடன் வாங்கலையே. நாலாயிரத்து முந்நூறு ரூபா நிலுவைன்னு வந்திருக்கே, என்னப்பா இது?" குரல் நடுங்கியது. செல்போனில் வந்த செய்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னேன். 'தங்கள் கணக்கின் நிலுவை ரூ. 4,300' என்று இருந்தது. அது அவருடைய சொந்தப் பணம். சேமிப்புக் கணக்கில் சிறுகச் சிறுகப் போட்டு வைத்தது. ஆங்கிலத்தில் 'பேலன்ஸ்' என்று இருந்ததை யாரோ அகராதியைப் பார்த்து 'நிலுவை' ஆக்கிவிட்டார்கள். நான் எடுத்துச் சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை பாஸ்புக்கும் கையுமாக பஸ் ஏறிப் போய், நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த பிறகுதான் சாப்பிட்டார்.

கையில் இருக்கும் பணத்துக்கும் கட்ட வேண்டிய பணத்துக்கும் ஒரே சொல் என்றால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு சாட்சி போதும். ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது. சேமிப்பில் உங்களுக்கு இருப்பதும் பேலன்ஸ், கடனில் நீங்கள் கட்ட வேண்டியதும் பேலன்ஸ். முன்னும் பின்னும் இருக்கும் சொற்களை வைத்துத்தான் அவர்களே பிரித்துப் புரிந்துகொள்கிறார்கள். நாமோ சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். இதைப் போய்க் குறை என்று எழுதிவிட்டீர்களே!

அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் வேலை பாதி எளிதாகிவிடும். லத்தீனில் 'பி' என்றால் இரண்டு, 'லாங்ஸ்' என்றால் தட்டு. 'பிலாங்ஸ்' என்பது இரண்டு தட்டு உடையது, அதாவது தராசு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் தராசு என்றே வந்தது. பள்ளி ஆய்வகத்தின் சுருள்வில் தராசை இன்றும் 'ஸ்பிரிங் பேலன்ஸ்' என்கிறார்கள். அதில் ஒரு தட்டுகூடக் கிடையாது, கொக்கிதான் இருக்கும்.

தராசு எப்படிப் பணமாயிற்று? ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதும் இத்தாலிய வணிகர்களின் இரட்டைப் பதிவுக் கணக்கு வழியாக. லூக்கா பசியோலி என்ற துறவி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் அந்த முறையை விளக்கினார். வணிகர்களிடம் அதற்கு முன்பே அது வழக்கத்தில் இருந்தது. உங்கள் சங்கத்துப் பேரேட்டையே திறந்து பாருங்கள். நடுவில் கோடு. இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ரொக்கக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு வந்ததைப் பற்றிலும், பெட்டியிலிருந்து போனதை வரவிலும் எழுதுவது கணக்குக்காரர் முறை. இந்த மாதம் வந்தது 8,000. போனது 6,500. மாதக் கடைசியில் இரண்டு பக்கத்தின் அடியிலும் ஒரே தொகை நிற்க வேண்டும், நிற்காது. கணக்கர் என்ன செய்கிறார்? இலேசாக இருக்கும் வலப்பக்கத்தில் 1,500 என்று எழுதுகிறார். இரண்டு பக்கமும் 8,000. தட்டு நேராகிவிட்டது. தட்டை நேராக்குவதற்காகப் போட்ட அந்த 1,500-தான் பேலன்ஸ். நம் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதை 'இருப்பு கீ/இ' என்று எழுதுகிறார்கள். கீழே இறக்கியது என்று பொருள். அடுத்த மாதத்தின் முதல் வரியில் அதே தொகை இடப்பக்கத்தில் 'இருப்பு கீ/கொ', அதாவது கீழே கொண்டுவந்தது என்று ஏறும்.

டயர் கடையில் 'வீல் பேலன்சிங்' செய்யும்போது ஒரு நாள் நின்று பாருங்கள். சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றுவார்கள். எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று எண் வரும். அந்த இடத்து விளிம்பில் சிறு எடைத்துண்டு ஒன்றைத் தட்டிப் பொருத்துவார்கள். கணக்கர் 1,500 எழுதியதும் மெக்கானிக் அந்தத் துண்டைப் பொருத்தியதும் ஒரே வேலை. ஆங்கிலத்துக்கு இரண்டிலும் தராசு தெரிகிறது. அதனால் ஒரு சொல் போதுமென்று இருந்துவிட்டது.

தமிழ் பேசுகிறவன் தட்டைப் பார்க்கவில்லை. பணம் யார் கையில் நிற்கிறது என்று பார்த்தான். என்னிடம் இருப்பது இருப்பு. வராமல் நின்றுபோனது நிலுவை. செலவு போகத் தங்கியது மீதி. கட்டுச்செட்டாக இருந்து காப்பாற்றியது மிச்சம். 'மாசம் ஐந்நூறு மிச்சம் பிடிச்சேன்' என்போம், 'மீதி பிடிச்சேன்' என்று யாரும் சொல்வதில்லை. பாக்கி அரபுச் சொல், வந்து நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. அதன் வாசனை தெரிய வேண்டுமானால் பஸ்ஸில் பாருங்கள். பதின்மூன்று ரூபாய்ச் சீட்டுக்கு இருபது ரூபாய் நீட்டுகிறீர்கள். நடத்துநர் சீட்டின் முதுகில் 7 என்று எழுதி ஒரு வட்டம் போட்டு, "இறங்கும்போது வாங்கிக்குங்க" என்று முன்னால் போய்விடுகிறார். அந்த ஏழு ரூபாய் அப்போது பாக்கி. உங்கள் நிறுத்தம் வரும்வரை கண் அவரையே தேடும். கையில் வந்து விழுந்ததும் அது மீதிச் சில்லறை. என் காதுக்கு இந்த வித்தியாசம் துல்லியமாகக் கேட்கிறது. உங்களுக்கும் கேட்கும், ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சமநிலையை நான் வெறுக்கவில்லை. அதற்கென்று இடம் இருக்கிறது. குரங்கு பெடல் போட்டுப் பழகிய பிள்ளை முதல்முறை சீட்டில் ஏறி உட்காருகிறது. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மாமா கையை எடுத்துவிடுகிறார். அது தெரியாமலே பத்தடி ஓட்டிவிடுகிறதே பிள்ளை, அதுதான் சமநிலை. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றில் உள்ள நீர்மம் அசைவதை வைத்து மூளை உடம்பை விழாமல் நிறுத்துகிறது. அங்கேயும் சமநிலை சரியான சொல். ஆனால் உணவுக்கு வந்தால் அது தவறிவிடும். 'பேலன்ஸ்டு டயட்' என்பதைச் 'சமநிலை உணவு' என்று எழுதினால் சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாம் சம அளவு என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? நம் பாடப்புத்தகத்தில் அதைச் 'சரிவிகித உணவு' என்றார்கள். எதை எவ்வளவு என்ற விகிதம்தான் அங்கே முக்கியம். அந்தச் சொல்லை ஆக்கியவர் ஆங்கிலச் சொல்லோடு நிற்காமல் சாப்பாட்டுத் தட்டையும் பார்த்திருக்கிறார். அவர் யாராக இருந்தாலும் என் வணக்கம்.

'ஆன் பேலன்ஸ்' என்று ஆங்கிலத்தில் வரும்போது திணற வேண்டியதே இல்லை. 'சீர்தூக்கிப் பார்த்தால்' என்று எழுதுங்கள். தூக்குதல் என்றாலே நிறுத்தல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று நடுவு நிலைமை அதிகாரத்தில், 118-ஆம் குறளில், வள்ளுவர் தராசைத்தான் காட்டுகிறார். ஒரு பக்கம் சாயாத மனசுக்குத் தராசை உவமை சொன்னதில் லத்தீன்காரரும் நாமும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம். வேலையையும் குடும்பத்தையும் 'பேலன்ஸ் பண்ணுவது' இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. அதை எழுத்தில் கொண்டுவரும்போது 'வேலை-வாழ்க்கைச் சமநிலை' என்று என் பக்கங்களில் நான் அனுமதிப்பதில்லை. 'வேலைக்கும் வீட்டுக்கும் ஈடுகொடுக்க முடிகிறதா' என்று கேட்டால் பதில் சொல்லாதவர் உண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர் வழக்கு வேறு. 'பேலன்ஸ் ஆஃப் பேமென்ட்ஸ்' என்ற, நாட்டின் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல் கணக்கை அங்கே சென்மதி நிலுவை என்கிறார்கள்; இங்கே பொருளியல் பாடத்தில் அயல்நாட்டுச் செலுத்து நிலை. சென்மதி என்றால் செலுத்துதல்; 'சென்மதி நிலுவை' என்ற சொற்கட்டு எனக்குப் பிடிக்கும். 'பேலன்ஸ் ஷீட்'டை நாம் இருப்புநிலைக் குறிப்பு என்போம், அங்கே ஐந்தொகை என்பார்கள். ஐந்தொகை இங்கும் பழைய கணக்குப்பிள்ளைகள் சொன்ன சொல்தான். நிலுவை அங்கே அச்சம் தராது. உசிலம்பட்டியில் தரும். நீங்கள் எழுதுவது உசிலம்பட்டிக்கு.

இனி உங்கள் படிவம். சேமிப்புக் கணக்குப் பத்தியின் தலைப்பில் 'இருப்பு' என்று போடுங்கள். கடன் அட்டையில் 'கட்ட வேண்டிய நிலுவை' என்று முழுசாக எழுதுங்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், சொல்லை வெட்டாதீர்கள். 'மினிமம் பேலன்ஸ்' வரும் இடத்தில் 'கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய தொகை'. உறுப்பினர் எல்லாரும் கூடும் பேரவைக் கூட்டத்துக்கு வைக்கும் ஆண்டறிக்கையில் 'இருப்புநிலைக் குறிப்பு'. அச்சுக்குக் கொடுக்குமுன் சங்கத்துக்கு வரும் ஏதாவது ஒரு பாட்டியை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். "இதுல நீங்க பணம் கட்டணுமா பாட்டி, இல்ல உங்களுக்குப் பணம் இருக்கா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். அவர் தயங்கும் வரிகளை எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.