பழைய சிட்டி கோல்ஃபுக்கு வேறு வண்டி ஹெட்லைட் பொருந்துமா?

கேள்வி: என்னிடம் 1998 ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் கார் இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசு வரவில்லை. உம்லாங்காவில் இரவு ஷிஃப்ட் முடிந்து வெருலம் வழியாக ஆர்102 சாலையில் டோங்காட் திரும்பும்போது, டிம்மில் பாதை சரியாகத் தெரிவதே இல்லை. ஜீப் ராங்ளர் ஹெட்லைட் அப்படியே உட்காரும் என்கிறான் தம்பி. ஸ்க்ராப் யார்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஜோடி 1,800 ரேண்டுக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா ஐயா? (டோங்காட் வாசகி)

பதில்: உட்காரும் அம்மா, தம்பி சொன்னது சரிதான். ஆனால் அந்த ஜோடியை வாங்காதீர்கள்.

உட்காருவதற்குக் காரணம், உங்கள் கோல்ஃபில் இருப்பது 7 அங்குல வட்ட விளக்கு. 1940-ல் அமெரிக்கக் கார்களில் பொது அளவாகிவிட்ட வட்டம் அது. பழைய மினி, லேண்ட் ரோவர் டிஃபெண்டர், வட்ட விளக்கு வைத்த பழைய ராங்ளர், பல மோட்டார் சைக்கிள்கள் என்று எத்தனையோ வண்டிகளுக்கு அதே அளவு. வளையத்தைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, பின்னால் மூன்று கால் சாக்கெட்டைச் செருகினால் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமாக மாட்ட முடிவதால்தான், பொருந்துகிற விளக்கெல்லாம் சரியான விளக்கு என்று நினைத்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன, தென்னாப்பிரிக்காவில் நாம் இடப்பக்கம் போகிறோம். டிம் விளக்கின் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாது. எதிரே வருகிறவரின் கண்ணில் படாதபடி அந்தப் பக்கம் தாழ்ந்தும், ஓரத்தில் நடக்கிறவர் தெரியும்படி நடைபாதைப் பக்கம் நீண்டும் விழுமாறு கண்ணாடியிலோ ரிஃப்ளெக்டரிலோ அமைத்திருப்பார்கள். வலப்பக்க நாட்டு விளக்கை இங்கே மாட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், உங்கள் இடப்பக்க ஓரம் இருட்டாகக் கிடக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் கோல்ஃபுக்கு ஒரு கடையில் ஐரோப்பிய விளக்கு ஜோடி ஒன்று வாங்கி மாட்டினேன். வீட்டு வாசலில் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. அன்றிரவு எதிரே வந்தவர்கள் ஒருவர் விடாமல் பிரைட் அடித்துக் காட்டினார்கள். கரும்புத் தோட்டத்தை ஒட்டி, வெளிர் நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கையில் பையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். வண்டி பக்கத்தில் போன பிறகுதான் அவர் எனக்குத் தெரிந்தார். அந்தச் சட்டை நிறம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் சுமார் பத்துக்கு நான்கு பேர் நடந்து போகிறவர்கள். மறுநாளே அந்த ஜோடியைக் கழற்றிவிட்டேன்.

எந்த நாட்டு விளக்கு என்று விளக்கிலேயே பார்க்கலாம். ஐரோப்பிய விதிப்படி செய்த விளக்காக இருந்தால், கண்ணாடியில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 47 தென்னாப்பிரிக்கா. எந்தப் பக்கம் ஓட்டுவதற்கு என்பதை அந்த எண் சொல்லாது, அதற்கு அம்புக்குறியைத் தேடுங்கள். விளக்கின் கண்ணாடி உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடிக்கும்போது அம்பு உங்கள் வலக்கைப் பக்கம் காட்டினால், அது நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் ஆகும். அம்பே இல்லையென்றால் வலப்பக்க நாட்டுக்கானது. ஜப்பானிய விளக்குகளில் இந்தக் குறி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஜப்பானும் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு, ஆகவே அவற்றின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

சுவர்ச் சோதனைக்குச் சமதளத்தில் 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம்மைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலப்பக்கம் கோடு போட்டாற்போல் கிடையாக இருந்து, நடுவிலிருந்து இடப்பக்கம் மேலே ஏற வேண்டும். அந்தக் கிடைக்கோடு விளக்கின் நடுப்புள்ளி உயரத்துக்கு ஏறக்குறைய 5 செண்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஏற்றம் வலப்பக்கம் இருந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். உங்கள் பழைய விளக்கு ஏன் மங்கலாக எரிகிறது என்று யாராவது பார்த்தார்களா? இந்தப் பழைய கோல்ஃபுகளில் ஹெட்லைட்டுக்கான கரண்ட் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றித்தான் வருகிறது. மெல்லிய ஒயர், கருகிய சுவிட்ச் முனை, உப்புக்காற்றில் துருப்பிடித்த எர்த் என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் வோல்டேஜ் தின்னப்படுகிறது. இஞ்சின் ஓடும்போது டிம்மைப் போட்டு, முதலில் பேட்டரியிலும் பிறகு பல்ப் சாக்கெட்டிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் பேட்டரியில் 13.9 இருந்தது, சாக்கெட்டில் 11.8 தான் வந்தது. இரண்டு வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் குறைவதைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். 10 விழுக்காடு வோல்டேஜ் போனால் சுமார் 30 விழுக்காடு வெளிச்சம் போய்விடும். என் வண்டியில் அது ஏறக்குறைய பாதிக்கு வந்திருந்தது.

அதற்கு மருந்து இரண்டு ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை நேராக விளக்குக்கு இழுத்துவிட்டு, பழைய ஒயரை ரிலேயை இயக்க மட்டும் விடுவார்கள். எர்த் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கச் சொல்லுங்கள். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை.

பகலில் கண்ணாடிக்குள்ளும் எட்டிப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் எந்த பல்ப் போட்டும் பயனில்லை. துணியால் துடைக்க வேண்டாம், அது மெல்லிய அலுமினியப் பூச்சு, கையோடு வந்துவிடும். அப்படியிருந்தால் இடப்பக்க ஓட்டத்துக்கான புதிய எச்4 விளக்கு ஜோடியும் (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் எரியும் வகை) 60/55 வாட் பல்பும், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55, வாங்குங்கள். யூட்டன்ஹேக்கில், இப்போதைய கரீகாவில், 1984 முதல் 2009 வரை வந்துகொண்டே இருந்த வண்டி இது. அதன் சாமானுக்கு ஜீப்பிடம் போக வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: ரீயூனியனில் இருக்கும் என் மைத்துனர் டிசம்பரில் வருகிறார். அங்கே நல்ல பிரெஞ்சு ஹெட்லைட் கிடைக்கும், எச்4, 7 அங்குலம், கொண்டு வருகிறேன் என்கிறார். மொரீஷியஸில் இருக்கும் சித்தியும் அதையே சொல்கிறார். யாரிடம் சொல்ல? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: சித்தியிடம் சொல்லுங்கள். இரண்டு தீவுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், ரீயூனியனில் பிரான்ஸைப் போல வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், மொரீஷியஸில் நம்மைப் போல இடப்பக்கம். ஆனாலும் சித்தி வாங்கும் முன் மேலே சொன்ன அம்புக்குறியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயும் வேறு நாட்டுச் சரக்கு கடையில் இருக்கக்கூடும்.

கேள்வி: ஒரு ஃபிட்மென்ட் கடையில் புது ஹெட்லைட்டும் 100/90 வாட் பல்பும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் சாக்கெட் உருகிவிட்டது. பில்லில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' (குறை இருந்தாலும் இருக்கிறபடியே விற்பது) என்று அச்சடித்திருக்கிறது, அதனால் எலக்ட்ரிக்கல் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பணம் போனது போனதுதானா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: இல்லை. விட்டுவிடாதீர்கள்.

முதலில் உருகியது ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள், கடைக்காரரிடம் பேச அது வேண்டும். 60 வாட் பல்ப் 12 வோல்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கோல்ஃபின் பழைய சாக்கெட்டும் சுவிட்சும் அந்தச் சூட்டைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. ரிலே இல்லாமல் அந்த பல்பைப் போட்டது கடையின் தவறு. அதைத் தெரிந்து செய்ய வேண்டியது அவர்கள் தொழில்.

2008-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. அதன் 56-வது பிரிவின்படி, கடையில் வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பவர் நீங்கள், கடைக்காரர் அல்ல. பழுது பார்க்கும்போது போட்ட புது பார்ட்டுக்கும் அதற்கான கூலிக்கும் 57-வது பிரிவு 3 மாத உத்தரவாதம் தருகிறது. வியாபாரம் செய்கிற கடை 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்துவிட்டு இந்த உரிமையைப் பறிக்க முடியாது. வியாபாரி அல்லாத எதிர்வீட்டுக்காரரிடம் விலைக்கு வாங்கியிருந்தால் கதை வேறு, அங்கே அந்தச் சொல்லுக்கு வலு உண்டு. யார்டில் பழைய விளக்கு வாங்கும்போது 'இதில் இந்தக் குறை இருக்கிறது' என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் சம்மதித்து வாங்கியிருந்தால், அந்தக் குறைக்காகப் பிறகு போய்க் கேட்க முடியாது.

உருகிய சாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ எடுங்கள், பில்லோடு வையுங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மோட்டார் தொழிலுக்கான ஓம்பட்ஸ்மனிடம் (புகார் விசாரிப்பவரிடம்) போங்கள், அங்கும் தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாயால் பேசித் தீர்த்துவிடலாம் என்று நாள் கடத்தினால் அந்த 3 மாதம் கண்ணெதிரே ஓடிவிடும். அந்த 100/90 பல்பை இன்றே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: என் சிட்டி கோல்ஃபை மகன் பெயருக்கு மாற்றப் போகிறேன். அவன் நான்கு விளக்கு கிரில் போட்டிருக்கிறான். ரோட்வொர்தி (சாலைத் தகுதிச் சான்றிதழ்) கிடைக்குமா? (மெர்பேங்க் வாசகி)

பதில்: பெயர் மாற்றத்துக்கு ரோட்வொர்தி சான்றிதழ் வேண்டும், டெஸ்டிங் ஸ்டேஷனில் விளக்கின் பாய்ச்சலையும் பார்ப்பார்கள். நான்கு விளக்கு கிரில் கோல்ஃப் குடும்பத்துச் சாமான்தான், அதில் தவறில்லை. பையன்கள் அதில் செய்கிற தப்பு ஒன்று உண்டு. உள்பக்கம் இருக்கிற சின்ன ஜோடி பிரைட்டுக்கு மட்டும் எரிய வேண்டியது, அழகுக்காக அதை டிம்மிலும் எரியும்படி இணைத்துவிடுவார்கள். இருட்டியதும் வாசலில் நிறுத்தி டிம்மைப் போட்டுப் பாருங்கள் அம்மா. உள்ஜோடி எரிந்தால், டெஸ்டுக்குப் போகும் முன் ஒயரை மாற்றச் சொல்லுங்கள். கிரில் மாற்றியதை இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், புது பாலிசி மகன் பெயரில்தானே வரப் போகிறது.