ஹஷிஷ் என்றால் என்ன, மலானா சரஸுக்கு ஏன் இவ்வளவு பேர்?

படிப்பு முடிந்து நண்பர்களோடு இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிற கசோல் போகப்போவதாகவும், கூட வருகிறவர்கள் எந்நேரமும் மலானா சரஸ், ஹஷிஷ் என்றே பேசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது கஞ்சாவா வேறா, இத்தனை காலமாக அதற்கு ஏன் இந்த மவுசு என்பது உங்கள் கேள்வி. நானும் திருநெல்வேலிப் பக்கம்தான், முக்கூடல். கசோல் இருக்கிற பார்வதி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்ட வேலையில் மூன்று வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். அதனால் கண்ணால் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

செடி ஒன்றுதான், சரக்குதான் மூன்று. இலை பாங்கு. பெண்செடியின் பூங்கொத்து கஞ்சா. அந்தப் பூவில் சுரக்கிற பிசின் சரஸ். ஹஷிஷ் என்ற அரபிச் சொல்லுக்குப் புல், காய்ந்த பூண்டு என்றுதான் பொருள்; பிறகு அந்தப் பெயர் பிசினுக்கு ஒட்டிக்கொண்டது. பூவை லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டிக் காளான் மாதிரி தலையுள்ள முடிகள் தெரியும். போதை தரும் பொருள் பெரும்பாலும் அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது. சிலர் இதை மகரந்தம் என்கிறார்கள், அது தவறு. மகரந்தம் ஆண்செடியில் வருவது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பிசினைச் செடியிலிருந்து பிரிக்கிற விதத்தில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். ஆப்கானிஸ்தானிலும் லெபனானின் பெக்கா சமவெளியிலும் மொராக்கோவின் ரிஃப் மலையிலும் செடியை அறுத்துக் காயவைத்து, துணியிலோ சல்லடையிலோ தட்டிச் சலிப்பார்கள். விழுகிற பொடியைச் சூடு காட்டிப் பிசைந்தோ அழுத்தியோ கட்டியாக்குவார்கள். இமயமலைப் பக்கம் சல்லடையே கிடையாது, கைதான். செடி பச்சையாக நிற்கும்போதே பூவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டுவார்கள். கை கறுத்து, பிசின் தோல் மாதிரி படிந்துகொண்டே வரும். அதை உருட்டித் திரட்டி எடுப்பதுதான் சரஸ்.

புரட்டாசி கடைசியில் வேலை முடிந்து நடந்து வரும்போது, எங்கள் முகாமுக்கு மேலே இருந்த ஒரு ஊரில் வயதான ஒருவர் வாசலில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நாள் முழுக்கத் தேய்த்தாலும் ஒரு தோலா, அதாவது 11 கிராமுக்குச் சற்று மேல் தேறினால் நல்ல நாள் என்றார். அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்தால் இலையும் சாறும் கலந்து பச்சையாக வரும், எடை கூடும், தரம் போய்விடும். மெதுவாக, லேசாகத் தேய்த்தால் கொஞ்சம்தான் வரும், ஆனால் அதைத்தான் ‘கிரீம்’ என்று தேடி வந்து வாங்குகிறார்கள்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அம்மா நினைவு வந்துவிட்டது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் பீடி சுற்றுவார்கள். அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி முடித்துக் கடைக்குக் கொண்டுபோவாள். கணக்குப் பார்க்கிறவர் ஒரு கட்டைக் கையில் எடுத்த உடனேயே இது யார் சுற்றியது என்று சொல்லிவிடுவார். அம்மா கையில் இருந்த புகையிலை வாசனை எத்தனை தடவை கழுவினாலும் போகாது, சோறு பிசைந்து கொடுத்தாலும் அதில் லேசாக இருக்கும். மலைக்காரருக்கும் அப்படித்தான். ஒரே மலையில் விளைந்தாலும் இவர் கை சரக்கு வேறு, அடுத்த வீட்டுக்காரர் சரக்கு வேறு என்று அங்கே பிரித்துச் சொல்கிறார்கள். பழைய ஹஷிஷுக்கு இருக்கிற மவுசில் பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். போதைக்காக மட்டும் என்றால் அதைவிடச் சுலபமாக, மலிவாக எத்தனையோ இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி, பத்தமடைப் பாய் என்று நாம் ஊர்ப் பேரைச் சேர்த்துச் சொல்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான் மலானா என்கிற பேரும். கசோல் பக்கத்து மலையில் 2,600 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். ஜம்லு தெய்வத்தின் பேரால் நடக்கிற பஞ்சாயத்து, கனாஷி என்று அவர்களுக்கே உரிய மொழி, வெளியாள் கோவில் சுவரைத் தொடக்கூடாது என்கிற கட்டுப்பாடு, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பேர்.

மீதிப் பாதி பழமை. நம் ஊரிலேயே சாமியார்கள் இந்தச் செடியைச் சிவமூலி என்பார்கள். சின்ன வயதில் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோவிலுக்குப் போகும்போது, காரையாற்றுப் பாறையில் உட்கார்ந்து களிமண் குழாயில் இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். “ஏல, அங்க என்ன பார்வை, நட” என்று ஆச்சி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வடக்கே இது பெரிய வியாபாரமாகவே இருந்தது. பிரிட்டிஷ் காலத்தில், இப்போது சீனாவில் இருக்கிற யார்க்கண்டிலிருந்து காரகோரம் கணவாய் தாண்டி, லடாக்கின் லே வழியாக, பஞ்சாபுக்குச் சரஸ் மூட்டை மூட்டையாக வந்தது. அரசாங்கம் அதற்கு வரி வாங்கியது. 1893-ல் இதை ஆராய ஒரு குழுவே போட்டார்கள். இந்திய சணல் போதைப்பொருள் குழு என்று சொல்லலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, 1894-ல் கொடுத்த அறிக்கையில், அளவாக எடுத்தால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல், முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றார்கள். காத்மாண்டுவில் 1973 வரைக்கும் லைசென்ஸ் கடையிலேயே விற்றது.

அறிவியலிலும் இந்தப் பிசினுக்கு ஒரு இடம் உண்டு. இஸ்ரேலில் ரஃபேல் மெச்சூலம் என்ற வேதியியலாளர், போலீஸ் பிடித்து வைத்திருந்த லெபனான் ஹஷிஷ் 5 கிலோவை வாங்கிக்கொண்டு பஸ்ஸிலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாராம். அதிலிருந்துதான் 1964-ல் அவரும் யெஹியேல் காவோனியும் டி.எச்.சி. என்கிற போதைப் பொருளைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வடநாட்டில் பாங்கைப் பாலிலும் நெய்யிலும் சேர்ப்பதற்கு அதுதான் காரணம். பச்சைப் பிசினில் இருப்பது முழுப் போதைப் பொருளாகவும் இருக்காது, சூடு பட்டால்தான் மாறும்.

ஆனால் உங்கள் நண்பர்கள் கேட்டு ஏங்குகிற அந்தப் பழைய ஹஷிஷ் இப்போது பல இடத்தில் பெயரளவில்தான் இருக்கிறது. ரிஃப் மலையில் ‘பெல்தியா’ என்கிற நாட்டு ரகத்தைத் தள்ளிவிட்டு, வெளியிலிருந்து வந்த ஒட்டு ரகங்கள் வந்துவிட்டன. நாட்டு ரகத்தில் டி.எச்.சி. குறைவு, அதன் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்று சிலர் சொல்கிற சி.பி.டி. என்கிற இன்னொரு பொருளும் கூடவே இருந்தது. புது ரகத்தில் வீரியம் பல மடங்கு. கசோல் கடைத்தெருவில் மலானா என்று சொல்லி ஒருவன் நீட்டுகிறதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. என் சித்தி மகன் காலேஜில் கஞ்சா பழகி, இருபது வயதில் யாரோ பின்னால் வருகிறார்கள் என்று ராத்திரியெல்லாம் கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்க்க ஆரம்பித்தான். எல்லாருக்கும் அப்படி ஆகாது, ஆனால் சின்ன வயதிலேயே, தினமும், வீரியமான சரக்கு என்று போகிறவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். அவன் தேறி வர நாலு வருடம் ஆனது. நான் அங்கே மூன்று வருடம் இருந்தும் தொடவில்லை.

அப்புறம் சட்டம். 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்தில் பூங்கொத்து சேராத இலையும் விதையும்தான் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே நிற்கின்றன. சரஸ் முழுக்க உள்ளே. கஞ்சாவுக்குச் சிறு அளவு 1 கிலோ வரை என்றால், சரஸுக்கு 100 கிராம்தான். அதற்குள்ளே இருந்தாலும் ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம். சரஸ் 1 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 வருடம். பூந்தரிலிருந்து மணிகரண் போகிற பாதையில் வண்டியை நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், நானே இரண்டு தடவை இறங்கி நின்றிருக்கிறேன். யாராவது பார்சல் கொடுத்து ஊரில் சேர்க்கச் சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, போய்விட்டுத்தான் வாருங்கள், அந்த மலை அவ்வளவு அழகு. கசோலில் இருந்து மணிகரண் நாலைந்து கிலோமீட்டர்தான். அங்கே குருத்வாராவில், கொதிக்கிற வெந்நீர் ஊற்றில் அண்டாவை இறக்கியே அரிசி வேகவைக்கிறார்கள். ரொட்டி தின்று அலுத்த நாளெல்லாம் நான் அங்கேதான் போய் உட்காருவேன். சோறும் பருப்பும் வயிறு நிறையப் போடுவார்கள், காசு கேட்க மாட்டார்கள்.