0/8ன்னு ரிப்போர்ட் வந்தா அப்பா தப்பிச்சாச்சா?

திருப்பூர்ல இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு வயசு 61, வலது பக்க பெருங்குடல்ல கேன்சர் கட்டி, ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம். ரிப்போர்ட்ல டி3 (கட்டி குடல் சுவரோட தசையைத் தாண்டியிருக்கு), என்0 (நெறிக்கட்டிக்குப் பரவல), நெறிக்கட்டி 0/8 (எட்டு எடுத்துப் பாத்ததுல ஒண்ணுலயும் இல்ல), ஸ்டேஜ் 2. ஒரு டாக்டர் கீமோ வேணாம்ங்கறார், இன்னொருத்தர் ஆறு மாசம் மாத்திரைங்கறார், ஆஸ்பத்திரி வாசல்ல பழக்கமான ஒருத்தர் 60,000 ரூபாய்க்கு ஜீன் டெஸ்ட் எடுத்தா எல்லாம் தெரிஞ்சுரும்ங்கறார். திரும்ப வருமா, யார் பேச்சை கேக்கறதுன்னு கேள்வி.

ஸ்டேஜ் நம்பரை கொஞ்சம் ஓரமா வைங்கம்மா. ஸ்டேஜ் 3ல ஆரம்பக்கட்டத்துல இருக்கறவங்க, பக்கத்து உறுப்பு வரைக்கும் ஊடுருவின ஸ்டேஜ் 2சி ஆளை விட நல்லா இருக்காங்க, கணக்கு அப்படித்தான் வருது. உங்க ரிப்போர்ட்ல எனக்கு உறுத்தறது அந்த 8. குறைஞ்சது 12 நெறிக்கட்டி பாக்கணும், எட்டுல ஒண்ணுலயும் இல்லைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல, பாத்த வரைக்கும் இல்லைன்னுதான் அர்த்தம். 12க்கு கீழ இருந்தாலே அதை ஒரு ரிஸ்க்காதான் எடுத்துக்குவோம், ரெண்டு டாக்டரும் ரெண்டு விதமா பேசறதுக்கு பாதி காரணம் அதுவாத்தான் இருக்கும்.

இந்த இடத்துல எனக்கு கோவம் வரும், ஒரு பேத்தாலஜிஸ்ட்டா, அதாவது லேபுல திசுவைப் பாக்கற டாக்டரா சொல்றேன். குடலை வெட்டி எடுத்ததும் சொந்தக்காரங்ககிட்ட காட்டிட்டு, ஊறுகா டப்பால திணிச்சு, ஃபார்மலின் அரை டம்ளர் ஊத்தி, "லேபுல குடுத்துருங்க"ன்னு மகன் கையிலயே குடுத்து அனுப்பறாங்க, அவர் அதை பஸ்ல எடுத்துட்டு வர்றார். குடல் அளவுக்கு பத்து மடங்கு ஃபார்மலின் வேணும், இல்லாட்டி உள்பக்கம் அழுகிரும். நெறிக்கட்டி கொழுப்புக்குள்ள கடுகு சைஸ்ல ஒளிஞ்சிருக்கும், விரலால தடவித் தடவித்தான் எடுக்கணும், ஒரு நாளைக்கு நாப்பது ஸ்பெசிமன் பாக்கற லேபுல அவ்வளவு பொறுமைக்கு யார் சம்பளம் குடுக்கறா?

அதனால நாளைக்கே லேபுக்கு போய், மிச்ச ஸ்பெசிமன், அதாவது வெட்டி எடுத்த குடல், இருக்கா, இன்னொரு தடவை நெறிக்கட்டி தேடிப் பாருங்கன்னு கேளுங்க. ரிப்போர்ட் குடுத்து சில வாரத்துல தூக்கிப் போட்டுருவாங்க. அதோட எம்எம்ஆர் டெஸ்ட், டிஎன்ஏ பிழையை சரிபண்ற நாலு புரோட்டீன் கட்டில இருக்கான்னு பாக்கறது, அதே பிளாக்லயே (மெழுகுல பதிச்சு வச்ச கட்டித் துண்டு) பண்ணலாம், சில ஆயிரத்துல முடிஞ்சுரும். வலது பக்க கட்டில இது குறைபாடா வர வாய்ப்பு ஜாஸ்தி. அப்படி வந்தா ஸ்டேஜ் 2ல அது நல்ல சேதி, திரும்ப வர்ற வாய்ப்பு கம்மி, அந்த மாத்திரை கீமோவால பிரயோஜனமும் பெருசா இல்ல. பரம்பரையா வர்றதான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, உங்களுக்கும் அதுல விஷயம் இருக்கு. குடல்ல ஓட்டையோ அடைப்போ வந்து அவசரமா ஆபரேஷன் பண்ணாங்களா, ரத்தக்குழாய், நரம்புல பரவல் உண்டான்னும் ரிப்போர்ட்ல பாருங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை நிறையப் பேர் குழப்பிக்கறாங்க. மலக்குடல்ல, அதாவது ரெக்டத்துல, ஆபரேஷனுக்கு முன்னாடி கரண்ட் (ரேடியேஷன்) குடுத்திருந்தா நெறிக்கட்டி சுருங்கிரும், 12 கிடைக்காம போறது சகஜம், அது லேபோட தப்பில்ல. பக்கத்து வீட்டு மாமாவுக்கு 7 தான் வந்துச்சு, நல்லாத்தான் இருக்கார்னு சொன்னா, அவருக்கு ரெக்டமா, முன்னாடி கரண்ட் வச்சாங்களான்னு கேளுங்க. அப்பாவுக்கு பெருங்குடல், நேரா ஆபரேஷன், அவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

அந்த வாசல் ஆளை விட்டுருங்க. அவர் விக்கற பெரிய ஜீன் பேனல் இந்தக் கட்டத்துல அவசியம் இல்ல, கமிஷன்தான் அவசியம். காப்பீட்டு கார்டு வாங்கித் தர்றேன்னும் வருவார், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல நீங்களே போடலாம், யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். ஒரிஜினல் பிளாக்கை மட்டும் அவர் கையில குடுத்துராதீங்க, தொலைஞ்சா திரும்பக் கிடைக்காது.

கீமோ தேவைன்னு முடிவானா ஆபரேஷன்ல இருந்து 8 வாரத்துக்குள்ள ஆரம்பிக்கறதுதான் நல்லது, மூணு போயிருச்சு. கீமோ உண்டோ இல்லையோ, சிஇஏ ரத்த டெஸ்ட் (கேன்சர் திரும்ப வருதான்னு பாக்கறது) மூணுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா, கொலனோஸ்கோபி (குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறது) ஒரு வருஷத்துல.