ஆறு பேப்பர், மூன்று லேப், மேலே நான்கு அரியர்: எதை விடுவது?

கேட்டவர் தம்பியா தங்கையா தெரியவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் செமஸ்டர், இந்த முறை ஆறு பேப்பர், மூன்று லேப், முதல் வருடத்தில் பெயிலாகி இன்னும் எழுத வேண்டிய அரியர் நான்கு, கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் எல்லாமே பெயில், "எல்லாவற்றையும் எப்படிப் படித்து முடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிக்க முடியாது. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேப்பரையும் சமமாகப் பிரித்துக்கொண்டு பேப்பருக்கு ரெண்டு நாள் என்று அட்டவணை போட்டால் பத்திலும் முப்பத்தைந்து, நாற்பது என்று வாங்கி பத்தும் போகும். எந்த ரெண்டு மூன்றை இந்த முறை கைகழுவப் போகிறோம் என்பதைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே முடிவு செய்வதுதான் வழி.

இதைப் படித்ததும், "தினமும் ஒழுங்காகப் படித்தால் அரியரே வராதே" என்று சொல்ல ஒருவர் வருவார். அவர் சொல்வது சரிதான். அவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஏற்கெனவே அரியர் இருப்பவருக்கு அந்த வாக்கியத்தால் ஒரு மதிப்பெண்கூட வராது. இன்னொருவர், "பேப்பரை விடச் சொல்லிக் கொடுக்கிறாயா?" என்பார். ஆமாம், அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் 2014-ல் கவுன்சலிங்கில் சேர்ந்தவன், 2013 ரெகுலேஷன், அதாவது அந்த வருடத்துப் பாடத்திட்டமும் தேர்வு விதிகளும். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. முதல் செமஸ்டரில் எம்-1 என்ற கணக்குப் பேப்பர் போனது, அடுத்ததில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸும் எம்-2-வும் போயின. மூன்றாம் செமஸ்டர் வந்தபோது மேலே டி.பி.டி.இ. (டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் கணக்கு), ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், மேனுஃபேக்சரிங் டெக்னாலஜி, எலக்ட்ரிக்கல் டிரைவ்ஸ் என்று ஆறு. விடியும் முன்பே கல்லூரிப் பேருந்து, திரும்பி வர இருட்டிவிடும். சாப்பிட்ட பிறகு லேப் ரெக்கார்டு நோட்டு. ஒரே சோதனையை முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, அப்புறம் ரெக்கார்டில் அச்சுப் பிசகாமல் திரும்ப எழுத வேண்டும். கிராஃப் கோடு தடிமனாக இருக்கிறது என்று பக்கத்தையே கிழித்துக் கையில் கொடுத்த லேப் உண்டு. அந்த லேப்பில் சோதித்த எண்ணெயின் விஸ்காசிட்டி, அதாவது பிசுபிசுப்பின் அளவு, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மார்ஜின் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியும்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சேரும்போது வாங்கிய காஷன் டெபாசிட்டை எங்கள் கல்லூரி கடைசிவரை திருப்பித் தரவில்லை. நோ டியூஸ் படிவத்தில் நூலகம், லேப், ஹாஸ்டல், பேருந்து என்று ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து வாங்கினோம். ஹாஸ்டலில் ஒரு நாள்கூடத் தங்காதவனும் ஹாஸ்டல் வார்டனைத் தேடிப் போய் நிற்க வேண்டும். அத்தனையும் முடிந்து கடைசி மேசையில், "அது பில்டிங் ஃபண்டுக்குப் போயிடுச்சுப்பா" என்றார்கள். ரசீது இன்னமும் என்னிடம் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எதை விடுவது என்று எப்படி முடிவு செய்தேன்? கஷ்டமான பேப்பரை விடவில்லை. பின்னால் எந்தப் பேப்பர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். தெர்மோடைனமிக்ஸ் தெரியாமல் நான்காம் செமஸ்டரில் தெர்மல் இன்ஜினியரிங் பக்கம் போக முடியாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இல்லாமல் ஐந்தாவதில் டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ் கிடையாது. இந்த ரெண்டையும் விட்டால் அரியர் குட்டி போடும். மேனுஃபேக்சரிங் டெக்னாலஜி பெரும்பாலும் தியரி, படம் வரைந்து எழுதிவிடலாம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் எலக்ட்ரிக்கல் டிரைவ்ஸும் அடுத்த முறைக்கு என்று ஒதுக்கினேன். தேர்வறைக்குப் போனேன், தெரிந்த ரெண்டு மதிப்பெண் கேள்விகளை எழுதினேன், வந்துவிட்டேன். அந்த ரெண்டுக்கும் ரிசல்ட்டில் யூ, அதாவது பெயில், என்று வந்தபோது அதிர்ச்சியில்லை. அதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

அடுத்தது அரியரையும் நடப்புப் பேப்பரையும் சோடி சேர்ப்பது. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் அரியரும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் தனித்தனிப் புத்தகமாகத் தெரியும், ஆனால் ஒரே கணக்கின் முன்பாதியும் பின்பாதியும்தான் அவை. ஆறு மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் (இரண்டு முனையிலும் தாங்கி வைத்த உத்தரம்), நடுவில் பத்து கிலோ நியூட்டன் பளு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் ஐந்து ஐந்தாகத் தாங்கும் விசை, அதாவது ரியாக்‌ஷன் என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்ஸ். அதே படத்தின் கீழே ஷியர் ஃபோர்ஸ் கோட்டை இறக்கி, நடுவில் பெண்டிங் மொமென்ட் பதினைந்து கிலோ நியூட்டன் மீட்டர் என்று முக்கோணம் போடுவது ஸ்ட்ரெங்த். பளு சற்றுத் தள்ளி இருந்தால், ரெண்டு பளு இருந்தால், ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தால் என்று மாற்றி மாற்றி ஒரு நாற்பது பக்க நோட்டை இதிலேயே தீர்த்தேன். ரெண்டு பேப்பரிலும் ஒவ்வொரு யூனிட் (பேப்பரின் ஐந்து பாடப்பகுதிகளில் ஒன்று) கைக்கு வந்தது.

யூனிட் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் கேள்வித்தாளில் பத்து ரெண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதினாறு மதிப்பெண் கேள்விகள். யூனிட்டுக்கு ஒரு பதினாறு, இதுவா அதுவா என்று ரெண்டு கொடுத்திருப்பார்கள். மூன்று யூனிட்டை முழுதாகப் பிடித்தால் நாற்பத்தெட்டு, கூடவே ரெண்டு மதிப்பெண் கேள்விகளில் பத்து பன்னிரண்டு. கொஞ்சம் சொதப்பினாலும் பாஸுக்கு வேண்டிய பாதி தேறும். டி.பி.டி.இ.யில் நான் ஃபூரியர் சீரிஸ், ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், இசட் டிரான்ஸ்ஃபார்ம் மூன்றையும் எடுத்தேன். அதிரும் கம்பி, சூடாகும் தண்டு என்று வரும் அப்ளிகேஷன் யூனிட்டைத் திரும்பியே பார்க்கவில்லை. அதில் ஒரு கணக்கு மூன்று பக்கம் போகும், நடுவில் ஒரு மைனஸ் குறி தவறினால் மொத்தமும் போச்சு.

ஒன்றை மறைக்கக் கூடாது. எனக்கு மழையும் உதவியது. 2015 நவம்பர், டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்க, பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. நாங்கள் இருந்த பக்கம் அப்படிப்பட்ட வெள்ளம் இல்லை. அங்கே ஜனங்கள் மொட்டை மாடியில் நிற்கும்போது இங்கே நான் தெர்மோ கணக்குக்கான நீராவி அட்டவணையை, ஸ்டீம் டேபிளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளி இல்லாவிட்டால் தெர்மோவும் போயிருக்கலாம்.

உங்கள் நிலைமை எங்களைவிட ஒரு விதத்தில் நல்லது. எங்களுக்கு இன்டர்னல் இருபது, எக்ஸ்டர்னல், அதாவது பல்கலைக்கழகத் தேர்வு, எண்பது. 2021 ரெகுலேஷனில் தியரி பேப்பருக்கு நாற்பது, அறுபது. அதாவது இன்டர்னலின் எடை இரட்டிப்பாகிவிட்டது. "மாடல் எக்ஸாம்தானே" என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். முதல் இன்டர்னல் போய்விட்டது என்கிறீர்கள், மிச்சம் இருப்பதைப் பிடியுங்கள். எழுத்துத் தேர்வில் தனியாக எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை உங்கள் ரெகுலேஷன் பிடிஎஃபைத் திறந்து நீங்களே பாருங்கள். சீனியர் சொல்வது அவர் ரெகுலேஷன். வருகைப்பதிவை மட்டும் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே விடவே விடாதீர்கள். பேப்பர் போனால் அந்தப் பேப்பர்தான் போகும், அட்டென்டன்ஸ் போனால் செமஸ்டரே போகும்.

அரசாங்கம் ஏதாவது அறிவிக்கும் என்றும் உட்கார்ந்திருக்காதீர்கள். 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பாஸ் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நான் அப்போது ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். ஃபோனில் மீம் மீமாக வந்து விழுந்தது. நாங்கள் நாக்குத் தள்ளி எழுதி முடித்ததை இவர்கள் ஒரு சலானில் முடிக்கிறார்களே என்று வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, 2021-ல் தேர்வு நடத்தித்தான் ஆக வேண்டும் என்று ஆனது. இடையில் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பிளேஸ்மென்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பல கம்பெனிகள் கேட்பது ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் முடிக்காத அரியர், இருக்கிறதா என்றுதான். பழைய அரியரை எழுதி முடித்திருந்தால் உட்கார விடும் கம்பெனிகள் உண்டு, முன்பு எப்போதோ அரியர் இருந்த ஹிஸ்டரி இருந்தாலே சேர்க்காத கம்பெனிகளும் உண்டு. மூன்றாம் செமஸ்டரில் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் ஏற்கெனவே கெட்டு, வேறு மாதிரி எண்ணமெல்லாம் வருகிறது என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு அது அப்போதே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

கடைசியாகத் தெர்மோவுக்கு ஒரு விஷயம். தேர்வறையில் கொடுக்கும் ஸ்டீம் டேபிள் பல பேர் கைபட்டுப் பழசாகியிருக்கும். கேள்வித்தாள் வருவதற்கு முன்பே சூப்பர்ஹீட்டட் பக்கங்கள் இருக்கின்றனவா, மோலியர் சார்ட் என்ற நீராவி வரைபடம் கிழியாமல் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் அப்போதே கையைத் தூக்கி வேறு கேளுங்கள். பதினொன்றரை மணிக்குக் கேட்டால், "பக்கத்துப் பையன்கிட்ட வாங்கக் கூடாது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.