மூங்கில் ஃபிளை ராட்: என்ன விலை, எப்படி விற்பது? (கேள்வி பதில்)

இன்று பழைய மூங்கில் ஃபிளை ராட் (பூச்சி போன்ற 'ஃபிளை' என்ற போலி இரையை வீசி மீன் பிடிக்கும் கம்பு) பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பவர்களை அவர்கள் இருக்கும் சிங்கப்பூர் வட்டாரத்தின் பெயரால் குறிக்கிறேன். கேட்கும் முன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து, அங்குலத்தில் எழுதுங்கள். அளவு இல்லாமல் விலை சொல்ல முடியாது.

ஈசூன்: அப்பாவுக்கு அவருடைய வெள்ளைக்கார முதலாளி கொடுத்தது. மூன்று துண்டு, கூடுதலாக ஒரு நுனி. பிடிக்கு மேல் 'ஹார்டி பாலகோனா' என்று இருக்கிறது. 9 அடி. நல்ல விலை போகுமா அண்ணே?

ஹார்டி, 1872ல் இங்கிலாந்தின் ஆனிக்கில் தொடங்கிய நிறுவனம். பாலகோனா, அவர்களுடைய பிளந்து ஒட்டிய மூங்கில் ராட்களின் வணிகப் பெயர். பெயர் நல்ல பெயர்தான், ஆனால் 7, 8 அடி ராட்களுக்கு இருக்கும் கிராக்கி 9 அடிக்கு இல்லை.

முதலில் இரண்டு நுனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று குட்டையா? அப்படியானால் உச்சி வளையத்திலிருந்து (தூண்டில் நூல் ஓடும் வளையங்களில் நுனியில் இருப்பது) அடுத்த வளையம் வரை உள்ள இடைவெளியையும் ஒப்பிடுங்கள். குட்டையான நுனியில் அது குறைந்திருந்தால், எப்போதோ ஒடிந்து, உச்சி வளையத்தைக் கழற்றி மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். 2 அங்குலம் போனாலே வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் பேசுவார்.

அடுத்தது ஃபெரூல், அதாவது துண்டுகளை இணைக்கும் உலோகக் குழாய். பொருத்திவிட்டு மெல்ல ஆட்டுங்கள். 'டிக்' சத்தம் வந்தால் தளர்ந்துவிட்டது. நேராக இழுத்துப் பிரிக்கும்போது 'பொப்' என்று வந்தால் நல்ல நிலை. பிறகு ராட்டை ஒட்டிச் செய்த ஆறு மூங்கில் பட்டைகளும் சேரும் கோடுகளில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டுகிற இடத்தில் பசை விட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ராட் பலவற்றில் விலங்குப் பசைதான், ஈரம் பட்டால் இளகும். நம் ஊர்க் காற்றில் ஈரமான துணிப் பையோடு அலுமினியக் குழாயில் அடைத்து வைத்தால் இதுதான் நடக்கும். வெளியே எடுத்து, குளிர்சாதன அறையில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பையை நன்றாகக் காயவைத்த பிறகே திரும்பப் போடுங்கள்.

தெம்பனிஸ்: மாண்டேக் ராட். விலை?

அளவு எங்கே? அதுவரை: மாண்டேக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ராட்கள் ஆயிரக்கணக்கில் தயாரானவை, பெரும்பாலும் 100 அமெரிக்க வெள்ளியைச் சுற்றியே போகும்.

பிடோக்: மரப்பெட்டி, உள்ளே பட்டுத்துணி, பல துண்டு ராட், கொஞ்சம் ஃபிளைகள். 'ஜப்பான்' என்று எழுதியிருக்கிறது.

போருக்குப் பின் அமெரிக்க வீரர்கள் வாங்கிப்போன நினைவுப் பொருள் வகை. பெட்டியின் அழகுக்குத்தான் விலை. பழம்பொருள் கடையில் கேளுங்கள்.

ஜூரோங்: நான் தேக்குச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுபவன். மங்கிப்போன வார்னிஷைத் தேய்த்து, இரண்டு கோட் அடித்து விற்றால் விலை ஏறாதா?

ஏறாது, இறங்கும். மூங்கிலின் வலு தோலுக்கு அடியில் நெருங்கிக் கிடக்கும் நாரில்தான். உப்புத்தாள் முதலில் தின்பது அதைத்தான். வளையங்களைக் கட்டிய நூல் சுற்றின் நிறம், கையால் எழுதிய பெயர், வரிசை எண் எல்லாம் கூடவே போய்விடும். சேகரிப்பவர் அவற்றைப் பார்த்துத்தான் காலத்தைக் கணக்கிடுகிறார்.

ஜூரோங்: வார்னிஷ் உரிந்த ராட்டை யார் வாங்குவார்?

அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் வாங்குவார். உங்கள் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. மேசையில் அரை மில்லிமீட்டர் போனால் தெரியாது. நுனித் துண்டின் உச்சியே 2 மில்லிமீட்டர் தடிமன்தான்.

செங்காங்: ஜூரோங் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. மீன் பிடிக்க வாங்குபவருக்குப் பளபளப்பு வேண்டாமா?

வேண்டும் என்றால் வாங்கிய பின் அவரே செய்துகொள்ளட்டும். மாண்டேக் போன்ற மலிவானதில் வார்னிஷ் வேலை நன்றாக இருந்தால் நஷ்டமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். பெயின், காரிசன் போன்ற அமெரிக்கக் கைவினைஞர்களின் ராட்கள் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகிறவை. அவற்றை ஈரத்துணியால்கூடத் துடைக்காதீர்கள், உலர்ந்த பருத்தித்துணி போதும். ஆர்விஸ் நிறுவனம் போருக்குப் பின் மூங்கிலுக்குள்ளேயே பிசின் ஏற்றியது. அந்த ராட்களுக்கு மேலே வார்னிஷே கிடையாது. 'மங்கிவிட்டது' என்று அதற்கு வார்னிஷ் அடித்தால் அசலைக் கெடுத்ததாகிவிடும்.

உட்லண்ட்ஸ்: இரண்டு துண்டும் பிரிய மாட்டேன் என்கிறது. இடுக்கி வைத்துத் திருகலாமா?

திருகவே கூடாது! பட்டைகள் பிரிந்துவிடும். இணைப்பு முழங்கால்களுக்குப் பின்னே நடுவில் வரும்படி குந்துங்கள். முழங்கால்களுக்கு வெளியே, இரு பக்கமும் மூங்கிலைப் பிடித்து, கையை நேராக வைத்து, முழங்கால்களை மெல்ல அகட்டுங்கள். தீ காட்ட வேண்டாம்.

அங் மோ கியோ: விலை என்ன? 8 அடி, பெயர் இல்லை.

துண்டுகளின் அளவு? அளவு வரும்வரை, தெம்பனிஸுக்குச் சொன்னதே உங்களுக்கும்.

புக்கிட் பாத்தோக்: எங்கே விற்பது, எப்படி அனுப்புவது?

கேரோசல் என்ற இணைய விற்பனைச் செயலியில் மூங்கில் ராட் தெரிந்து வாங்குபவர் குறைவு. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கேட்கும் விலையை நம்பாதீர்கள். நல்ல பெயராக இருந்தால் மீன்பிடிப் பொருள்களுக்கென்றே நடக்கும் ஏலம் மேல். 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்காவில் 800 அமெரிக்க வெள்ளி வரையிலான பொருள்களுக்கு இருந்த இறக்குமதி வரிவிலக்கு கிடையாது, வரியை யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசுங்கள். அனுப்பும்போது ராட் குழாயைத் தடித்த பிவிசி பைப்பில் வையுங்கள். இரு முனையிலும் 5 சென்டிமீட்டர் பஞ்சு, மூடியைச் சுற்றி டேப். அதற்கு முன், நீள வரம்பை அனுப்பும் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்: இரண்டு துண்டு 8 அடி ராட் என்றால் ஒரு துண்டே 4 அடி வரும்.