ஒன்றரை வயதாகியும் மகன் பேசவில்லை, பொறுத்துப் பார்க்கலாமா?

18 மாதமாகியும் ஒரு வார்த்தைகூட வரவில்லை, "ஆண் பிள்ளைதானே, மெதுவாகத்தான் பேசுவான்" என்று வீட்டில் சொல்கிறார்கள், காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால், பேச்சைவிட விரலை முதலில் கவனிக்கச் சொல்வேன். வானத்தில் விமானம் போகிறது, குழந்தை அதைச் சுட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் இதைச் செய்யும், பிடிமானம் இல்லாமல் நடக்கவும் நடக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 9 மாதத்திலேயே திரும்பும். 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், 2 வயது வரை, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். அப்புறம், ஏற்கெனவே வந்த பேச்சோ கையசைப்போ நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

காது பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கதவு படாரென்று சாத்தினால் திரும்புகிறான் என்பதற்காகக் காது சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரிய சத்தம் கேட்கும், 'ஸ' போன்ற மெல்லிய ஒலி கேட்காமலே இருக்கலாம். என்ன பிரச்சினை என்று பெயர் உறுதியாகும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. போகும்போது வீட்டில் அவன் விளையாடும் வீடியோ ஒன்று எடுத்துப் போங்கள், புது இடத்தில் அழுதுகொண்டே இருந்தால் மருத்துவரால் எதையும் சரியாகப் பார்க்க முடியாது.