வெள்ளைக்கல் பூமியில் யுரேனியம் பயம்: முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. சேலம் செட்டிச்சாவடி அருகே இரண்டு ஏக்கரில் நேந்திரன் வாழை வைத்திருக்கிறேன். 850 அடி ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம். வீட்டில் குடிப்பதும் அதே தண்ணீர்தான். என் மகன் வாழைத்தார் ஏற்றப் புலிவெந்துலா பக்கம் போனபோது, யுரேனியச் சுரங்கத்தால் நிலத்தடி நீர் கெட்டு வாழை கருகுவதாக அங்குள்ளவர்கள் சொன்னார்களாம். என் வாழையிலும் அடியிலைகளின் ஓரம் கருகுகிறது. சொட்டுநீர்க் குழாயில் வெள்ளையாகப் படிகிறது. அரை கிலோமீட்டரில் வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிறது. எங்கள் தண்ணீரிலும் யுரேனியம் இருக்குமா? தண்ணீரைச் சரிசெய்யும் காந்தக் கருவி என்று உரக்கடையில் 28,000 ரூபாய் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: வெள்ளைக்கல் சுரங்கத்திலிருந்து உங்கள் கிணற்றுக்கு யுரேனியம் வருமோ என்று பயப்பட வேண்டாம். வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மெக்னீசியம் மிகுந்த டூனைட் வகைப் பாறை சிதைந்து உண்டானது. பாறைகளிலேயே யுரேனியம் மிகக் குறைவாக உள்ள இனம் அந்த டூனைட். சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையிலும் பொதுவாக யுரேனியம் குறைவுதான்.

உங்கள் மகன் கேட்டு வந்த இடத்தின் கதை வேறு. ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில், புலிவெந்துலாவை அடுத்த தும்மலப்பள்ளியில் யுரேனியத் தாது சுண்ணாம்புப் பாறையில் இருக்கிறது. ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் அமிலத்தால் யுரேனியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். சுண்ணாம்பு அமிலத்தைக் குடித்துவிடும் என்பதால் தும்மலப்பள்ளியில் சோடியம் கார்பனேட்டைப் பயன்படுத்துகிறார்கள். நிலத்தடிச் சுரங்கம் வெட்டும்போது ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்ற வேண்டியிருப்பதால் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கக்கூடும். அதுவரை காற்றுப் படாமல் கரையாது கிடந்த யுரேனியம், காற்றுப் பட்டதும் கரையும் வடிவத்துக்கு மாறி, நீரிலுள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து நகரத் தொடங்கும். இதற்கு மேல் ஆலைக்கழிவுக் குளம் ஒன்று உண்டு. அத்தகைய குளம் கசிந்தால் யுரேனியத்தைவிடப் பல மடங்கு அதிகமாகச் சோடியமும் பைகார்பனேட்டும் சல்பேட்டும் நிலத்தில் இறங்கும். வாழை வேரை முதலில் தாக்குவது அந்த உப்புதான். ஆகவே அங்கே வாழை கருகியதை மட்டும் வைத்து யுரேனியத்தின் அளவைக் கணிக்க முடியாது.

நீங்கள் வாழையைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வீட்டுக் குடத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். வாழை உறிஞ்சும் யுரேனியத்தில் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும், காய்க்கு ஏறுவது சொற்பம். ஆனால் யுரேனியம் மிகுந்த தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடிப்பவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். கதிர்வீச்சைவிட, நச்சு உலோகமாக அது செய்யும் கெடுதலே முதலில் கவலைப்பட வேண்டியது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். காய்ச்சினால் யுரேனியம் போகாது; நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. வடிகட்டி அதைக் குறைக்கும். சுரங்கமே இல்லாத ஊர்களிலும் பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய ஆழ்நீரில் யுரேனியம் கூடுதலாக இருப்பதுண்டு. யூரியாவிலிருந்தும் எருக்குழியிலிருந்தும் இறங்கும் நைட்ரேட் அதைப் பாறையிலிருந்து கரைத்துவிடவும் வல்லது. கிணற்றை ஒட்டி எருக்குழி இருந்தால் இந்த வாரமே அப்புறப்படுத்துங்கள்.

நான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருவது ஒன்றே: தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு கையில் இல்லாமல் ஒரு மூட்டை உரம்கூட வாங்காதீர்கள். மோட்டாரை இருபது நிமிடம் ஓடவிட்டு, சொட்டுநீர் வடிகட்டிக்கு முன்னால் உள்ள வாயிலிருந்து, ஒரு லிட்டர் புது பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி நிற்காமல் கழுத்துவரை நிரப்பி, தேதியும் ஆழமும் எழுதி அன்றே கொண்டுபோங்கள். தொட்டியில் தேங்கிய நீரைப் பூச்சிமருந்து பாட்டிலில் பிடித்து வந்து, அதன் முடிவை நம்பி ஜிப்சம் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசனப் பரிசோதனைக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். யுரேனியத்துக்குத் தனிப் பாட்டில் வேண்டும். அதை அளக்கும் கருவி உள்ள, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

நம் வெள்ளைக்கல் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாசனநீர் மண்ணைக் கெடுக்குமா என்று காட்டும் 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' என்ற எண்ணைக் கணக்கிடும்போது, நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஒன்றாகக் கூட்டிக் கழிப்பார்கள். இங்கே மெக்னீசியம் மிகுந்திருப்பதால் கால்சியம் வறண்ட தண்ணீர்கூடச் சீட்டில் நல்ல தண்ணீராகத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டின் கூட்டுத்தொகையில் மெக்னீசியம் பாதிக்கு மேல் இருந்தால் மண் இறுகும், வாழை பொட்டாஷ் எடுப்பதும் தடைபடும். உங்கள் அடியிலைகள் ஓரம் கருகி, நடுநரம்பு பாதியில் ஒடிந்து தொங்குகின்றனவா? அப்படியானால் அது பெரும்பாலும் பொட்டாஷ் பசிதான். குழாயில் படிந்ததை நகத்தால் சுரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது வெறும் சுண்ணாம்புப் படிவு.

இலை மஞ்சளானால் மெக்னீசியம் சல்பேட் எடுத்துக் கொடுக்கும் வியாபாரி, நீங்கள் எந்த மண்ணில் நிற்கிறீர்கள் என்று கேட்பதே இல்லை. வெள்ளைக்கல் பூமியில் மேலும் மெக்னீசியம் போடச் சொல்வது பயிருக்குச் செய்யும் துரோகம். காந்தக் கருவியோ உப்பில் ஒரு கிராமைக்கூட நீக்காது. உள்ளே போகும் சோடியமும் யுரேனியமும் அப்படியே வெளியே வரும். அந்த 28,000 ரூபாயைத் தொடாதீர்கள். கால்சியம் குறைவென்று தெரிந்தால் மண் பரிசோதனை சொல்லும் அளவில் ஜிப்சம் இடுங்கள். பொட்டாஷைக் குளோரைடாகத் தராமல் சல்பேட்டாகப் பிரித்துப் பிரித்துச் சொட்டுநீரில் கொடுங்கள். மீதிப் பணத்தில், தூர்ந்து கிடக்கும் பழைய திறந்த கிணறு இருந்தால் தூர்வாரி, மலையிலிருந்து வரும் மழைநீரை வண்டல் வடித்து அதில் இறக்குங்கள்.

யுரேனியச் சீட்டு வரும்வரை குழந்தைகளுக்கு வேறு தண்ணீர் கொடுங்கள். இரண்டு சீட்டுகளும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். பொட்டாஷ் அளவை அப்போது எழுதுகிறேன்.